கணக்கும் வழக்கும்: முக்கூடல் வட்டாரத்தின் சட்ட வரலாறு

பணமோசடி, குற்ற வழக்கு, பொது அமைப்புகளைக் கட்டுக்குள் வைக்கும் ஒழுங்குமுறை ஆகிய மூன்றும் இன்றைய வழக்கறிஞர் தொழிலில் தனித்தனித் துறைகள். ஒருவரே மூன்றிலும் பெயர் பெறுவது அரிது. ஒவ்வொன்றுக்கும் தனிச் சட்டங்களும் தனி மன்றங்களும் வந்துவிட்டன. பாலாற்றங்கரைக் கல்வெட்டுகளில் இவை இப்படிப் பிரிந்து நிற்கவில்லை. ஊர்ப் பொதுச்சொத்தைக் கையாண்டவர் ஒழுங்காகக் கணக்குக் காட்டினாரா என்ற ஒரே கேள்விக்குள் மூன்றும் அடங்கின. அந்தக் கேள்விக்கு 10, 11ஆம் நூற்றாண்டுகளில் கிடைத்த விடைகள் உத்திரமேரூரிலும் திருமுக்கூடலிலும் கல்லில் இருக்கின்றன. வழக்காடுவதையே தொழிலாகக் கொண்டவர்கள் அந்தக் கல்வெட்டுகளில் இல்லை. அவர்கள் வெகுகாலம் கழித்து, சென்னையில் அமைந்த ஆங்கிலேய நீதிமன்றங்களோடு வந்தார்கள்.

இடமும் சான்றுகளும்

திருமுக்கூடல் காஞ்சிபுரத்துக்குத் தென்கிழக்கே, பாலாற்றோடு செய்யாறும் வேகவதியும் வந்து சேரும் இடத்தில் இருக்கிறது. ஊர்ப்பெயர் அந்த மூன்று ஆறுகளால் வந்தது. ஆற்றின் எதிர்க்கரையில் பழையசீவரம். திருமுக்கூடலின் பெருமாள் கோயில் இப்போது இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. சோழ மன்னன் வீரராசேந்திரனின் 1068ஆம் ஆண்டைச் சேர்ந்த நெடிய கல்வெட்டு இக்கோயிற் சுவரில்தான் இருக்கிறது.

அங்கிருந்து தெற்கே உள்ள உத்திரமேரூர், 8ஆம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் இரண்டாம் நந்திவர்மன் காலத்தில் பிராமணர்களுக்குக் கொடையாக அமைந்த ஊர். உத்திரமேரூர்ச் சதுர்வேதிமங்கலம் என்பது கல்வெட்டுப் பெயர். பல்லவர், சோழர் முதலானோரின் காலத்துக் கல்வெட்டுகள் ஏறக்குறைய 200 அங்கே கிடைத்துள்ளன. வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில் உள்ள சோழ மன்னன் முதலாம் பராந்தகனின் இரண்டு கல்வெட்டுகள் அவற்றுள் தலையானவை. அம்மன்னனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளைச் சேர்ந்த இவை 919லும் 921லும் பொறிக்கப்பட்டவை. 1898இல் கல்வெட்டுத் துறை இவற்றைப் படியெடுத்தது. மறு ஆண்டு கல்வெட்டறிஞர் வெங்கையா எழுதிய துறை அறிக்கை வழியாக அறிஞர் உலகம் இவற்றை அறிந்தது.

குடவோலையும் தகுதியும்

பராந்தகனின் இரு கல்வெட்டுகளும் ஊர்ச்சபையின் வாரியங்கள் எனப்பட்ட குழுக்களுக்கு ஆள் எடுக்கும் முறையை வகுக்கின்றன. இரண்டு முறையும் அரசனின் ஆணையோடு ஓர் அதிகாரி நேரில் வந்து சபையோடு அமர்ந்திருந்தார். 919இல் எடுத்த தீர்மானத்தை இரண்டே ஆண்டுகளில் திருத்தி, மேலும் விரிவாகவும் கடுமையாகவும் எழுத வேண்டியிருந்தது. வயது வரம்பே அதற்குச் சான்று. முதல் தீர்மானத்தில் முப்பதுக்கு மேல் அறுபதுக்குள் என்று இருந்தது. இரண்டாவதில் அது முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் என மாறியது.

ஊர் குடும்பு எனப்பட்ட 30 பிரிவுகளாகப் பிரிந்திருந்தது. வாரியத்துக்கு வருபவருக்கு வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருக்க வேண்டும். வேதக் கல்வி வேண்டும். கல்வி கூடுதலாக இருந்தால் அரைக்கால் வேலி நிலமே போதும். காரியத்தில் திறமை, நேர்வழியில் வந்த பொருள், தூய மனம் ஆகியவையும் தகுதிகளாகச் சொல்லப்பட்டன. கடந்த மூன்று ஆண்டுகளுக்குள் வாரியத்தில் இருந்தவர் மீண்டும் வர முடியாது.

தகுதியானவர்களின் பெயர்களை ஓலையில் எழுதி, குடும்பு வாரியாகக் கட்டி, குடத்தில் இட்டார்கள். சிறுவரும் முதியவருமாகச் சபை முழுவதும் கூடியிருக்க, கோயில் நம்பிமார் எல்லாரும் வந்திருக்க வேண்டும். அவர்களுள் மூத்தவர் குடத்தை எல்லாருக்கும் தெரியும்படி தூக்கிக் காட்டுவார். உள்ளே இருப்பதை அறியாத ஒரு சிறுவன் ஒரு கட்டை எடுப்பான். அந்தக் கட்டை அவிழ்த்து வேறொரு குடத்தில் இட்டுக் குலுக்கி, அதிலிருந்து ஓர் ஓலையை அவனே எடுத்து நடுவரான மத்தியஸ்தன் கையில் கொடுப்பான். மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் அதை வாங்கி உரக்க வாசிக்க வேண்டும். பிறகு நம்பிமாரும் வாசிப்பார்கள். இப்படி வந்த முப்பதின்மரில் பன்னிருவர் சம்வத்சர வாரியம், பன்னிருவர் தோட்ட வாரியம், அறுவர் ஏரி வாரியம். பஞ்சவார வாரியத்துக்கும் பொன் வாரியத்துக்கும் தனியாகக் குடவோலை எடுத்தார்கள். பதவிக்காலம் 360 நாள்.

விரித்த விரல்கள், தூக்கிக் காட்டிய குடம், இரண்டு முறை வாசிப்பு ஆகிய ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட ஏமாற்றை முன்கூட்டியே அடைக்கிறது. விரல்களுக்கிடையே வேறோர் ஓலையை மறைக்க முடியாது. குடத்தில் முன்பே எதையும் போட்டுவைக்க முடியாது. எழுதியிராத பெயரை வாசிக்க முடியாது. முறைகேடு நடந்த பிறகு விசாரிப்பதைவிட, நடக்கும் வழிகளை ஒவ்வொன்றாக மூடுவதில்தான் இந்தத் தீர்மானத்தின் கவனம் இருந்தது.

தகுதியிழந்தவர்கள்

921ஆம் ஆண்டுத் தீர்மானத்தில் தகுதிகளின் பட்டியலைவிடத் தகுதியின்மைகளின் பட்டியல் நீளம். அதில் முதலாவதாக வருபவர், ஏதேனும் ஒரு வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர். தடை அவரோடு நிற்கவில்லை. தாயின் உடன்பிறந்தாள் மக்கள், அத்தை மக்கள், மாமன் மக்கள், உடன்பிறந்தான், மாமனார், மனைவியின் உடன்பிறந்தான், உடன்பிறந்தாளின் கணவன், அவள் மக்கள், மருமகன், தகப்பன், மகன் என உறவுமுறைகள் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லப்பட்டு எல்லாரும் விலக்கப்பட்டார்கள்.

இதன் காரணம் ஊரின் அமைப்பிலேயே இருக்கிறது. நிலமும் கல்வியும் உள்ள சில குடும்பங்களுக்குள்தான் வாரியப் பதவி சுழன்றது. கணக்குக் காட்டாத ஒருவர் மறு ஆண்டு மைத்துனனையோ மருமகனையோ வாரியத்துக்கு அனுப்பினால், அவர் மறைத்ததை அந்த உறவினரே மூடிவிடலாம். தடை உறவு முழுவதையும் பிடித்ததால், கணக்கை ஒப்படைக்கச் சொல்லி நெருக்குவது அந்தக் குடும்பத்தின் வேலையாகிவிட்டது. அதே சமயம், எந்தத் தவறும் செய்யாத உறவினர் தமக்காகப் பேச அத்தீர்மானத்தில் இடமே இல்லை.

பட்டியல் மேலும் செல்கிறது. பெரும்பாவங்கள் செய்தவர்கள், பிறர் பொருளைக் கவர்ந்தவர்கள், கண்மூடித் துணியும் சாகசக்காரர்கள், கிராம கண்டகர் எனப்பட்ட ஊர்த்துரோகிகள், கழுதை ஏறியவர்கள், கூடலேகை செய்தவர்கள் ஆகியோர் வாரியத்துக்கு ஆகார். கழுதைமேல் ஏற்றி ஊர்வலம் விடுவது அக்காலத்தில் குற்றவாளிக்குத் தந்த இழிவுத் தண்டனை. ஆகவே அந்தச் சொல் முன்பே தண்டனை பெற்றவரைக் குறிக்கிறது. கூடலேகை என்பது பொய்யாவணம் எழுதுவது. இன்று தண்டனைச் சட்டத்தில் தனி அதிகாரமாக இருக்கும் ஆவண மோசடி, ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் இவ்வூரில் பொதுப்பதவிக்கான தடையாக இருந்தது. பதவியில் இருக்கும்போது குற்றம் செய்தது தெரியவந்தவரை 360 நாள் முடியும்வரை காத்திராமல் அப்போதே நீக்க வேண்டும் என்றும் விதி இருந்தது.

கணக்கனும் பொன்னும்

வாரியப் பெருமக்கள் ஆண்டுதோறும் மாறினாலும் கணக்கெழுதுபவர் தொடர்ந்து இருக்கக்கூடியவர். ஆகவே அவருக்குத் தனி விதிகள் வந்தன. நேர்வழியில் பொருள் ஈட்டியவரே கணக்கெழுத வேண்டும். எழுதிய கணக்கைப் பெருமக்கள் முன் ஒப்படைத்து, குற்றமற்றவர் என்று ஆன பிறகே அவர் மீண்டும் அந்த வேலைக்கு வரலாம். தாம் எழுதிய கணக்கைத் தாமே வந்து ஒப்படைக்க வேண்டும். அதை முடித்துக் கொடுக்க வேறொரு கணக்கனை விடக்கூடாது. பிழைக்கு யார் பொறுப்பு என்பதைப் பின்னால் வருபவர்மேல் தள்ளிவிட இந்த விதி இடம் தரவில்லை.

பொன் இன்னொரு சிக்கல். வரியும் தண்டமும் கொடையும் பொன்னாக வந்தபோது, அதன் மாற்றைக் குறைத்துச் சொல்வதும் உரைக்கும்போது துகளைத் திருடுவதும் எளிது. பொன்னின் தரம் காண்பவர்களை ஊரின் வெவ்வேறு பிரிவினரிலிருந்து எடுப்பதற்கும், அவர்கள் எல்லாருக்கும் ஒரே விதமாகப் பொன் உரைப்பதற்கும் உத்திரமேரூர்ச் சபை தனித் தீர்மானம் செய்திருக்கிறது. உரைகல்லில் ஒட்டிய பொன்னை எடுக்கும் மெழுகை ஊர் வாரியத்திடம் ஒப்படைப்பதும் அதில் அடங்கும். இன்றைய தரக்கட்டுப்பாட்டுச் சட்டங்கள் செய்யும் வேலை இது.

காஞ்சிபுரத்திலும் இதே போக்கு தெரிகிறது. சென்னை அருங்காட்சியகத்தில் உள்ள உத்தம சோழனின் செப்பேடு, கச்சிப்பேட்டுக் கோயிலின் கணக்கை ஆண்டு முடிந்தவுடன் நகரத்தாரும் வாரியத்தாரும் தணிக்கை செய்ய வேண்டும் என்கிறது. கோயிலை நடத்துபவர் ஒருவர், கணக்கு எழுதுபவர் இன்னொருவர், அதைப் பார்ப்பவர் மூன்றாமவர் என்ற பிரிவு இந்த ஆவணங்கள் எல்லாவற்றிலும் உண்டு.

திருமுக்கூடல் ஆவணம்

வீரராசேந்திரனின் திருமுக்கூடல் கல்வெட்டு பெரும்பாலும் மருத்துவமனைக்காகப் பேசப்படுகிறது. வீரசோழன் என்ற பெயர்கொண்ட அந்த ஆதுலர்சாலையில் 15 நோயாளிகளுக்கு இடமிருந்தது. மருத்துவர் கோதண்டராமன் அசுவத்தாமபட்டன். அவருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். அறுவை செய்பவருக்கு 30 கலம் நெல். மருந்து கொண்டுவருபவர்கள், மருந்து அடும் பெண்கள், நாவிதர் என ஒவ்வொருவருக்கும் பங்கு குறிக்கப்பட்டது. நோயாளி ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு நாழி அரிசி. இருப்பில் வைக்கவேண்டிய தைலங்கள், கிருதங்கள் உள்ளிட்ட மருந்துகள் பெயர் பெயராக எழுதப்பட்டன. சனநாத மண்டபத்தில் வேதமும் இலக்கணமும் கற்பித்தவர்களுக்கும் மாணவர் உணவுக்கும் இதே போன்ற அளவுகள் உண்டு.

சட்ட வரலாற்றில் இந்தக் கல்வெட்டின் மதிப்பு இரண்டு காரணங்களால் வருகிறது. முதலாவது, இது வரவுசெலவுத் திட்டம். வயலைக்காவூர் என்ற ஊரின் வருவாய் திருமுக்கூடல் கோயிலுக்கு வந்தது. அதில் எத்தனை கலம், எத்தனை காசு யாருக்கு, எதற்கு என்று கடைசிவரை பகிர்ந்து எழுதப்பட்டது. கணக்கில் மிச்சம் என்ற தெளிவற்ற பகுதி இருந்தால்தான் கையாடல் எளிது. மருந்துச் செலவு என்று மொத்தமாக எழுதாமல் மருந்துகளின் பெயர்களையே எழுதியதால், பின்னால் கணக்குப் பார்ப்பவர் இருப்பறைக்குச் சென்று சரிபார்க்க முடியும். எல்லாரும் பார்க்கும் சுவரில் அது இருந்ததால், சம்பளம் குறைந்த நாவிதரும் தமக்குரியது எவ்வளவு என்று சொல்லிக் கேட்க முடியும்.

இரண்டாவது, இந்த ஆணை அரசனின் வாயிலிருந்து ஊருக்கு வந்த வழி அப்படியே பதிவாகியிருக்கிறது. அரசன் சொன்னதைத் திருமந்திர ஓலை எழுதுபவர் எழுதினார். திருமந்திர ஓலை நாயகம் ஒப்பிட்டார். பிறகு வருவாய்த் துறையான புரவுவரித் திணைக்களத்தின் பல நிலை அதிகாரிகள், வரிப்பொத்தகம் வைத்திருப்போர், முகவெட்டி, பட்டோலை எழுதுவோர் எனப் பலர் முன்னிலையில் அது வரிக்கணக்கில் ஏறியது. அவர்கள் ஒவ்வொருவரின் பெயரும் கல்லில் வருகிறது. போலி ஆணையைக் காட்டி ஊர் வருவாயை மாற்றிக்கொள்ள நினைக்கும் ஒருவர், ஒருவரை ஒருவர் அறிந்த இத்தனை பேரையும் வசப்படுத்த வேண்டியிருக்கும்.

வழக்கும் தண்டமும்

ஊர்ச் சபை தீர்க்காத வழக்குகள் நாட்டு அவையான நாட்டாரிடமும், அரசனின் நீதிமன்றமான தர்மாசனத்திடமும் சென்றன. தர்மாசனத்தில் சட்டம் அறிந்த பட்டர்கள் இருந்தார்கள். வழக்குகளில் வந்த தண்டத்தொகை மன்றுபாடு எனப்பட்டது. அறக்கட்டளை ஆவணங்களில் இதற்கு நேரடித் தொடர்பு உண்டு. விளக்கெரிக்கப் பொன் வாங்கிக்கொண்ட சபை அதைத் தவறவிட்டால், தர்மாசனத்துக்கு நாள்தோறும் இத்தனை தண்டம் செலுத்துவதாகவும், தண்டம் செலுத்திய பிறகும் விளக்கைத் தொடர்ந்து எரிப்பதாகவும் தானே எழுதிக்கொடுத்தது. தண்டம் கட்டிவிட்டுக் கடமையிலிருந்து நழுவ வழியில்லை.

குற்ற வழக்குகளில் செயலின் நோக்கம் பார்க்கப்பட்டது. வேட்டையில் விலங்கு என நினைத்து மனிதன்மேல் அம்பெய்தவர்களின் வழக்குகள் பல கல்வெட்டுகளில் வருகின்றன. அவர்களைக் கொல்ல வேண்டாம் என்று நாட்டார் கூடி முடிவெடுத்து, இறந்தவர் பெயரால் கோயிலில் விளக்கெரிக்க ஆடோ பசுவோ கொடுக்கச் செய்தார்கள். வேண்டுமென்று செய்த கொலையையும் தவறி நிகழ்ந்த மரணத்தையும் பிரித்தறியும் இன்றைய குற்றவியல் வாதத்தின் அடிப்படை அங்கே இருந்தது.

துரோக வழக்குகளில் இந்த மென்மை இல்லை. சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோர் தொடர்பான உடையார்குடிக் கல்வெட்டு, கொலையாளிகளோடு அவர்கள் உறவினரின் சொத்தும் பறிமுதலாகி விற்கப்பட்டதைச் சொல்கிறது. முதலாம் இராசராசனின் 2ஆம் ஆட்சியாண்டில் நடந்தது இது. கோயிற் சொத்து மோசடிக்குச் சிவபுரம் வழக்கு எடுத்துக்காட்டு. மூன்றாம் இராசராசன் காலத்தில், அக்கோயிலின் சிவபிராமணர் இருவர் அம்மன் நகைகளைத் தம் காமக்கிழத்திக்குக் கொடுத்ததாகவும், கோயிற் பொருளைக் கவர்ந்து அரசாணையை மீறியதாகவும் மாகேசுவரரும் ஊராரும் கூடி விசாரித்தார்கள். சிவத்துரோகம், இராசத்துரோகம் என்ற இரு குற்றங்களும் உறுதியாகி, அவர்கள் நிலம் பறிபோனது.

இந்தப் பதிவுகளில் குற்றம், விசாரித்தவர், தண்டனை ஆகியவை தெளிவாக இருக்கின்றன. குற்றம்சாட்டப்பட்டவர் சொன்ன மறுப்பும், அவருக்காக வாதாடியவரும் பெரும்பாலும் இல்லை. உத்திரமேரூர்ச் சபை நிலமுள்ள பிராமண ஆடவரின் சபை. பெண்களும் மற்றச் சாதியினரும் அதில் பேசும் உரிமையற்றவர்கள். கையாடலைத் தடுப்பதில் கூர்மையாக இருந்த அந்தச் சட்டமரபில் தற்காப்பு உரிமை மெலிந்தே இருந்தது.

ஜாகீரும் பொய்க்கடன் பத்திரங்களும்

சோழர்க்குப் பின் சபைகள் வலுவிழந்தன. விசயநகர, நாயக்கர் ஆட்சிகளில் வரி தண்டும் அதிகாரம் மேலிருந்து வந்த தலைவர்களிடம் சேர்ந்தது. 1763இல் ஆர்க்காட்டு நவாப் முகமது அலி இன்றைய காஞ்சிபுரம், செங்கல்பட்டு வட்டாரத்தை ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். 1780 வரை அதை நவாபே குத்தகைக்கு எடுத்து நடத்தினார். பிறகு கம்பெனி நேராக ஆண்டது.

நவாப் பெரும் கடனாளி. பால் பென்ஃபீல்டு முதலான கம்பெனி அலுவலர்களே அவருக்கு உயர்ந்த வட்டிக்குக் கடன் கொடுத்து, மாவட்டங்களின் வரி வருவாயை ஈடாக வாங்கினார்கள். எட்மண்டு பர்க் 1785 பிப்ரவரியில் இந்தக் கடன்களைப் பற்றி லண்டன் நாடாளுமன்றத்தில் நீண்ட உரையாற்றினார். 1801இல் நவாபின் ஆட்சிப்பகுதியான கர்நாடகம் கம்பெனி ஆட்சிக்கு வந்த பிறகு, கடன்களில் எவை மெய், எவை பொய் என்று பார்க்க ஆணையர்கள் அமர்த்தப்பட்டார்கள். அந்த வேலை கால் நூற்றாண்டுக்கு மேல் நீண்டது. வந்த கோரிக்கைகள் 3 கோடி பவுண்டுக்கு மேல். ஏற்கப்பட்டவை ஏறக்குறைய 27 லட்சம் பவுண்டு மட்டுமே. மிச்சமெல்லாம் பொய்ப்பத்திரம், ஊதிய வட்டி, நிறுவ முடியாத உரிமை. கூடலேகை செய்தவனை ஊர் வாரியத்துக்கு வரவிடாத வட்டாரத்தின் வரி வருவாயை வைத்து, பொய்ப்பத்திரம் ஒரு பெரும் வணிகமாகவே நடந்திருக்கிறது.

பாரிஸ்டர்களும் வக்கீல்களும்

சென்னையில் 1726ஆம் ஆண்டுச் சாசனப்படி மேயர் நீதிமன்றமும், 1801இல் உச்ச நீதிமன்றமும் வந்தன. ஜில்லாக்களில் கம்பெனியின் நீதிமன்றங்கள் 1802 முதல் அமைந்தன. இரண்டு மரபுகளும் 1862இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒன்றாயின. உயர் நீதிமன்றத்தில் மூவகைச் சட்டத்தொழிலாளர் இருந்தார்கள். லண்டனின் சட்டச் சங்கங்களில் படித்துவந்த பாரிஸ்டர்கள் அட்வகேட்டுகளாக வாதாடினார்கள். அட்டர்னிகள் கட்சிக்காரரைப் பார்த்து, ஆவணங்களைத் தயாரித்து, பாரிஸ்டரிடம் வழக்கை ஒப்படைத்தார்கள். இங்கேயே படித்துத் தேறிய வக்கீல்கள் மேல்முறையீட்டுப் பக்கத்தில் வாதாடினார்கள். கல்கத்தா, பம்பாய்க்கு மாறாகச் சென்னையில் வக்கீல்களுக்கு அசல் வழக்குப் பக்கமும் முன்பே திறந்தது. பாஷ்யம் ஐயங்கார் போன்றவர்கள் லண்டன் போகாமலேயே பாரிஸ்டர்களுக்கு ஈடாக நின்றது இதனால்தான்.

பாரிஸ்டர் ஒருவரின் பெயர் பெரும்பாலும் குற்ற வழக்குகளில் உருவானது. சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்வதும் ஜூரியிடம் பேசுவதும் பார்வையாளரை ஈர்த்தன. தலைமை வழக்கறிஞராக இருந்த ஜான் புரூஸ் நார்ட்டனின் மகன் எர்ட்லி நார்ட்டன் அவ்வகையில் புகழ்பெற்றவர். காங்கிரசின் தொடக்க காலத்தில் அதில் முன்னின்ற அவரே, 1908இல் தொடங்கிய அலிப்பூர் வெடிகுண்டு வழக்கில் அரசுத் தரப்பில் வாதாடினார். கொள்கை வேறு, ஏற்ற வழக்கு வேறு என்ற தொழில்முறை நெறிக்கும், அந்த நெறி பொதுமக்களிடம் கிளப்பும் கசப்புக்கும் அவர் வாழ்க்கை சான்று.

பணமோசடித் துறையில் சென்னையை உலுக்கியது அர்பத்நாட் நிறுவனத்தின் வீழ்ச்சி. வங்கித்தொழிலும் செய்துவந்த அந்த நிறுவனம் 1906 அக்டோபர் 22 அன்று பணம் தருவதை நிறுத்தியது. ஓய்வூதியர்கள், விதவைகள், கோயில்கள், சிறு ஜமீன்கள் என ஆயிரக்கணக்கானோர் அதில் பணம் போட்டிருந்தார்கள். குற்ற வழக்கில் சர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்கு 18 மாதக் கடுங்காவல் கிடைத்தது. திவால் நடவடிக்கையில் கடன்கொடுத்தோர் பக்கம் நின்ற வி. கிருஷ்ணசாமி ஐயர் ஒரு வக்கீல். இந்தியர் நடத்தும் வங்கி வேண்டும் என்று அவரும் நண்பர்களும் முயன்று 1907இல் இந்தியன் வங்கியைத் தொடங்கினார்கள். 1909இல் மாகாணத் தலைநகரங்களுக்கான திவால் சட்டம் வந்தது. ஒரே வீழ்ச்சி குற்ற வழக்காகவும், திவால் வழக்காகவும், பிறகு புதுச் சட்டமாகவும் மூன்று தடங்களில் சென்றது. இன்றைய நிதிமோசடி வழக்குகளும் இந்த மூன்று தடங்களில்தான் செல்கின்றன.

இந்திய பாரிஸ்டர்களில் வேலூரைச் சேர்ந்த வி.எல். எத்திராஜ் குற்றவியல் துறையில் உச்சம் தொட்டார். சென்னையில் அரசு வழக்கறிஞர் பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவர். 1944 நவம்பரில் பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலையான வழக்கில் திரைநடிகர்கள் எம்.கே. தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் ஜூரியின் தீர்ப்பால் ஆயுள் தண்டனை பெற்றார்கள். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில்வரை சென்று, மறுவிசாரணைக்காக உயர் நீதிமன்றத்துக்குத் திரும்பியது. 1947இல் இருவரும் விடுதலையானார்கள். அவர்களுக்காக வாதாடியவர்களில் எத்திராஜ் ஒருவர். அடுத்த ஆண்டு அவர் கொடையால் பெண்களுக்கான எத்திராஜ் கல்லூரி தொடங்கியது. பாரிஸ்டர், வக்கீல் என்ற வேறுபாட்டை 1926ஆம் ஆண்டு பார் கவுன்சில் சட்டம் தளர்த்தியது. 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர் சட்டம் எல்லாரையும் வழக்கறிஞர் என்ற ஒரே வகையில் சேர்த்தது.

ஒழுங்குமுறையின் பிற்காலம்

கோயில் வருவாயைக் கண்காணிக்கும் பொறுப்பைக் கம்பெனி அரசு 1817ஆம் ஆண்டின் 7ஆம் ஒழுங்குமுறையால் ஏற்றது. சமயக் காரியத்தில் அரசு தலையிடுவதை எதிர்த்த குரல்களால் 1863ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தனிக் குழுக்களிடம் விட்டது. கையாடல் புகார்கள் பெருகியதால், நீதிக்கட்சி ஆட்சியில் இந்து அறநிலையச் சட்டமும் வாரியமும் வந்தன. 1951, 1959ஆம் ஆண்டுச் சட்டங்கள் அந்த அதிகாரத்தை அரசுத் துறையிடம் சேர்த்தன. 1951ஆம் ஆண்டுச் சட்டத்தின் எல்லையை 1954ஆம் ஆண்டு சிரூர் மடம் வழக்கில் உச்ச நீதிமன்றம் வரையறுத்தது. சொத்தின் நிருவாகத்தைச் சட்டத்தால் கட்டுப்படுத்தலாம், சமயத்தின் இன்றியமையாத நடைமுறைகளைக் கட்டுப்படுத்தக்கூடாது என்பது அதன் சாரம்.

பொதுமக்களிடம் வைப்புத்தொகை வாங்கி ஏமாற்றிய நிதி நிறுவனங்கள் 1990களில் தமிழகமெங்கும் சரிந்தன. அதன் விளைவாக வந்த 1997ஆம் ஆண்டு முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், நிறுவனத்தின் சொத்தை முடக்கவும், தனி நீதிமன்றத்தின் வழியே அதை விற்று முதலீட்டாளர்களுக்குப் பகிரவும் வழிசெய்தது. இச்சட்டம் செல்லும் என 2011இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

பதவிக்கான தகுதியின்மையும் சட்டத்தில் தொடர்கிறது. 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 10அ பிரிவின்படி, தேர்தல் செலவுக் கணக்கை உரிய முறையில் ஒப்படைக்காதவரைத் தேர்தல் ஆணையம் மூன்று ஆண்டுகளுக்குத் தகுதியிழக்கச் செய்யலாம். உத்திரமேரூர் விதியிலிருந்து இது இரண்டு வகையில் வேறுபடுகிறது. தகுதியிழப்பு அவரோடு நிற்கிறது, உறவினரைத் தொடுவதில்லை. கணக்குத் தராததற்கு நல்ல காரணம் இருந்தால் அதைச் சொல்லவும் அவருக்கு இடமுண்டு.

குற்ற வழக்கில் தம் தரப்பைச் சொல்லும் அந்த இடம் அடிப்படை உரிமையாகவே ஆகிவிட்டது. கைதானவர் தாம் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்து, அவரைக் கொண்டு வாதாடலாம் என்று அரசமைப்புச் சட்டத்தின் 22ஆம் பிரிவு சொல்கிறது. வழக்கறிஞரை அமர்த்த வசதியற்றவருக்கு 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் வட்ட அளவிலான குழுக்கள் வழியே இலவசமாக வழக்கறிஞரைத் தருகிறது. முன்பு சபையின் தீர்மானத்தை ஏற்பதைத் தவிர வேறு வழியில்லாதிருந்த வட்டாரத்தில், நிலமற்றவரும் பெண்ணும் இப்போது இந்தச் சட்டத்தின்கீழ் தமக்கென ஒரு வழக்கறிஞரைக் கேட்டுப் பெறலாம்.